ராத்திரி ரெண்டு மணிக்கு ஈசிஜி: படபடப்பு இருக்கிறவங்க இந்த வாட்ச்சை வாங்கலாமா?

மொதல்லயே சொல்லிடறேன், கம்பெனி பேரு போடப் போறதில்ல. கையில கட்டிக்கிட்டு பக்கத்துல இருக்கிற பட்டன்ல 30 செகண்ட் விரல் வெச்சா ஈசிஜி எடுத்துக் குடுக்கிற வாட்ச் இப்ப நாலஞ்சு கம்பெனில வருது, வேலை செய்யற விதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நான் திட்டறதும் புகழறதும் எல்லாத்துக்கும் சேரும். ஆயுதபூஜை ஆஃபர்ல 34 ஆயிரத்துக்கு எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தார். 14 மாசம் ஆச்சு. இப்ப அது எங்கிட்ட இல்ல. ஏன்னு கடைசில வரும்.

எனக்கு 43 வயசு, ஊரு திருச்சி, சுகர் இல்ல பிரஷர் இல்ல, காலைல ஆறு மணிக்கு அடுப்பு பத்த வெச்சா ராத்திரி பத்துக்கு மேல தான் உக்கார்ற ஆளு. ஒரு நாள் சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன், நெஞ்சுக்குள்ள லொடக்குன்னு ஒரு அடி, அப்புறம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் தொம்முன்னு ஒரு அடி. அவ்ளோதான். ரெண்டு செகண்ட் கூட இருக்காது. ஆனா அந்த நடுவுல இருந்த "ஒண்ணுமே இல்ல" இருக்கே, அதுதான் என்னைய ஒன்றரை வருஷம் ஆட்டி வெச்சுது. நின்னுடுச்சுன்னு தான் நினைச்சேன். அப்படி நினைச்ச உடனே கை ஜில்லுன்னு ஆகி, நெஞ்சு தடதடன்னு ஓட ஆரம்பிச்சு, பக்கத்துல நின்ன அக்கா புடிச்சு உக்கார வெச்சு தண்ணி குடுத்தாங்க. 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் மாரடைப்புல போனது, அதே வருஷம் அக்டோபர்ல 46 வயசுல கன்னட நடிகர் புனீத் அதே மாதிரி போனது, எல்லாம் எப்பவோ மனசுக்குள்ள ஏறி உக்காந்துருந்துச்சு போல, அன்னிக்கு ஒண்ணா எழுந்து வந்துச்சு.

அதுக்கப்புறம் மூணு மாசத்துல மூணு தடவை எமர்ஜென்சி. மூணும் ராத்திரில தான், அது ஏன் ராத்திரிலயே வருதுன்னு அப்பல்லாம் தெரியாது. ஆட்டோ புடிச்சு போவோம், ஈசிஜி எடுப்பாங்க, ட்ரோபோனின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க, ரெண்டும் நார்மல், "டென்ஷன் ஆகாதீங்கம்மா"ன்னு சொல்லி பில்லு குடுப்பாங்க. டென்ஷன் ஆகாதேன்னு சொல்லி உலகத்துல யாருக்காச்சும் டென்ஷன் குறைஞ்சிருக்கா? வீட்டுல அத்தை ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க, "வாயு, சுக்கு தட்டிப் போட்டு குடி." இந்த வாயு விஷயத்துல மட்டும் ஒண்ணு சொல்லணும், நம்ம வீடுகள்ல நிஜமாவே ஹார்ட் அட்டாக் வந்தவங்க கேஸ்னு சோடா குடிச்சுட்டு படுத்துடறாங்க. நெஞ்சை அழுத்தி வலிச்சு, கை, தாடைன்னு பரவி, வேர்த்துக் கொட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மாடி ஏறும்போதே படபடப்பு ஆரம்பிச்சாலோ, குடும்பத்துல சின்ன வயசுல யாராச்சும் திடீர்னு போயிருந்தாலோ நீங்க படிக்க வேண்டியது இந்த ரிவ்யூ இல்ல. நெஞ்சு வலியோ மயக்கமோ மூச்சு வாங்கறதோ இப்ப நடந்துட்டு இருந்தா 108, மத்ததுக்கு நாளைக்கே டாக்டர்.

சரி வாட்ச்சுக்கு வர்றேன். மூணாவது எமர்ஜென்சி பில்லு பாத்துட்டு தான் எங்க வீட்டுக்காரர் இதை வாங்கினார், "வீட்டுலயே பாத்துக்கலாம்ல"ன்னு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

நல்லது மொதல்ல. ஈசிஜி எடுக்கிறது நிஜமாவே சுலபம், கையை டேபிள் மேல வெச்சு அசையாம 30 செகண்ட் உக்காந்தா கோடு கோடா வருது, பிடிஎஃப்பா வாட்சப்ல டாக்டருக்கு அனுப்பலாம். ஆஸ்பத்திரில 12 கோணத்துல பாக்கிற இதயத்தை இது ஒரே ஒரு கோணத்துல பாக்குது, ஆனாலும் எகிறல் வர்ற நேரத்துல புடிச்சுடுது, அதுதான் இதோட ஒரே பெரிய பலம். நமக்கு வர்றது ரெண்டு செகண்ட் சமாச்சாரம், ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஓடியே போயிடும், அங்க எடுத்தா நார்மல்னு தானே வரும். நானே ரெண்டு மூணு தடவை அந்த லொடக்கை கோட்டுல புடிச்சேன், பின்னால டாக்டர் அதைப் பாத்துட்டு "ம்ம், இதான்"னாரு.

கெட்டது. இது ஹார்ட் அட்டாக்கை கண்டுபிடிக்காது. கம்பெனிக்காரனே அதைச் சொல்லித்தான் விக்கிறான், நாம தான் படிக்கறதில்ல. அது முக்கியமா தேடறது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு ஒண்ணு, மேல் அறை தாளமே இல்லாம துடிதுடிக்கிறது. அதைத் தவிர மத்ததுக்கு "சைனஸ் ரிதம்"னு, அதாவது தாளம் ஒழுங்கா இருக்குன்னு போடும், இல்லன்னா "முடிவு தெரியவில்லை"னு போடும். இந்த ரெண்டாவது இருக்கு பாருங்க, கை ஆடினாலும் வரும், தோல் காஞ்சிருந்தாலும் வரும், துடிப்பு ரொம்ப வேகமா இருந்தாலும் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு, வீடே தூங்கும்போது, இருட்டுல நாம மட்டும் உக்காந்துட்டு இருக்கும்போது "முடிவு தெரியவில்லை"னு ஒரு மெஷின் சொன்னா எப்படி இருக்கும்? எனக்கு முடிவு தெரிஞ்ச மாதிரியே தான் இருந்துச்சு.

இன்னொண்ணு, பின்பக்கம் பச்சை லைட் அடிச்சு துடிப்பு எண்ணுதே, அது ஈசிஜி இல்ல, தோலுக்கடில ரத்தம் கூடிக் குறையறத வெச்சு கணக்குப் போடுது. ஸ்ட்ராப் லூசா இருந்து வேகமா நடந்தோம்னா நாம வைக்கிற அடியையே துடிப்புன்னு எண்ணிடும். காந்தி மார்க்கெட்ல கூட்டத்துல ரெண்டு கைலயும் பை தூக்கிட்டு நடக்கறேன், 168னு காட்டுது. நான் காய்கறி பையை அப்படியே கீழ போட்டுட்டு கழுத்துல விரல் வெச்சு எண்ணினா 104. தக்காளி போனது போனதுதான்.

ஆனா மெஷினோட தப்பை விட என் தப்பு பெருசு. மொத வாரம் ஒரு நாளைக்கு ஒரு ஈசிஜி. அப்புறம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. அப்புறம் ஆபீஸ் பாத்ரூம்ல. "சைனஸ் ரிதம்"னு வந்தா நிம்மதி வரும், அந்த நிம்மதி பத்து நிமிஷம் தாங்கும், அப்புறம் "அது பத்து நிமிஷத்துக்கு முன்னால, இப்ப எப்படி இருக்கோ"ன்னு தோணும். மாடிப்படி ஏறறத நிறுத்தினேன். கோயிலுக்குப் போனாலும் மலைக்கோட்டைல கீழ மாணிக்க விநாயகரோட சரி. இடது பக்கம் திரும்பிப் படுக்கறத நிறுத்தினேன், அந்தப் பக்கம் படுத்தா தலகாணில தொம் தொம்னு கேக்கும். ஏழாவது மாசம் என் பொண்ணு ஃபோனை வாங்கி ஆப்பைத் தொறந்து எண்ணிப் பாத்துட்டு, "ம்மா, 611 எடுத்துருக்கம்மா"ன்னா. அவ சிரிக்கல.

எனக்கு மட்டும்னு நினைச்சேன். அமெரிக்கால ஒரு 70 வயசு அம்மா ஒரே வருஷத்துல 916 தடவை வாட்ச்ல ஈசிஜி எடுத்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சதை டாக்டருங்க ஒரு கேஸாவே எழுதியிருக்காங்க. படிச்சப்போ அந்த அம்மாவைக் கட்டிப் புடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

அப்புறம் தான் தில்லை நகர்ல ஒரு கார்டியாலஜிஸ்ட் கிட்ட போனோம், இந்த தடவை பகல்ல, அப்பாயின்ட்மென்ட் வாங்கி. அவர் மொதல்ல வாட்ச்சைப் பாக்கல. என் கீழ் இமையை இழுத்துப் பாத்தார். "பீரியட்ஸ் எப்படிம்மா, ரொம்ப போகுதா?"ன்னார். எட்டு நாள் பத்து நாள் போகும், ரெண்டு வருஷமாவே அப்படித்தான், அதை யாரு கிட்ட சொல்றது. ரத்தம் டெஸ்ட் பண்ணினா ஹீமோகுளோபின் 8.9. தைராய்டு நார்மல். ரத்தம் கம்மியா இருந்தா இருக்கிற ரத்தத்தையே வேகமா சுத்த விட்டுத்தான் இதயம் சமாளிக்கும், சும்மா உக்காந்திருக்கும்போதே சில நேரம் எனக்கு 90க்கு மேல ஓடினது அதனாலயும் தான். 34 ஆயிரம் ரூபா வாட்ச்சுக்குத் தெரியாதது ரெண்டு செகண்ட்ல இமைக்குள்ள தெரிஞ்சுது.

எக்கோ ஸ்கேன் எடுத்தாங்க, இதயம் ஜம்முனு இருக்குன்னாங்க. கூடவே 24 மணி நேர ஹோல்டர், அதாவது ஒரு நாள் பூரா விடாம ஈசிஜி பதிவு பண்ற மெஷின். இந்த ரிவ்யூல பாதி அதுக்குத்தான் குடுக்கணும், ஏன்னா பணம் குடுத்து வாங்கினதுலயே உருப்படியானது அதுதான். நெஞ்சுல ஸ்டிக்கர் ஒட்டி, ஒயர் மாட்டி, தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிய டப்பாவை கழுத்துல பை மாதிரி தொங்க விட்டு அனுப்பிடறாங்க, நாம எப்பவும் போல இருக்கணும், மறுநாள் போய்க் கழட்டணும். நான் குடுத்தது 1,800 ரூபா. ஹோல்டர்ங்கிறது அதைக் கண்டுபிடிச்சவரோட பேரு, அமெரிக்கால மொன்டானாக்காரர் நார்மன் ஹோல்டர், 1940கள்ல அவர் செஞ்ச மொத மெஷின் 38 கிலோ, முதுகுல மூட்டை மாதிரி கட்டிக்கிட்டு திரியணுமாம். இத நினைச்சுக்கிட்டா நம்ம டப்பாவைப் பத்தி கம்ப்ளெயின்ட் பண்ண வாய் வராது, ஆனாலும் பண்றேன். மே மாசம், திருச்சி, குளிக்கக் கூடாது. வேர்வைல ஒரு ஸ்டிக்கர் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு, வீட்டுல இருந்த பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். ரெண்டு நாளைக்கு நெஞ்செல்லாம் சதுரம் சதுரமா அரிப்பு. பஸ்ல ஒருத்தர் "என்னம்மா மைக்கா?"ன்னு கேட்டார். செய்யப் போறவங்களுக்கு: முன்னாடி பட்டன் வெச்ச தொளதொள சட்டையோ நைட்டியோ போட்டுட்டுப் போங்க, அன்னிக்கு நெஞ்சுல பவுடர் க்ரீம் எதுவும் வேண்டாம், முக்கியமா படுத்தே கிடக்காதீங்க, எது செஞ்சா வருதோ அதையெல்லாம் செய்ங்க.

கூடவே ஒரு தாள் குடுப்பாங்க, படபடன்னு வந்தா மணியும் என்ன செஞ்சுட்டு இருந்தோம்னும் எழுதணும். அந்தத் தாள் தான் எனக்கு மருந்து. நான் 9 தடவை எழுதினேன். ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு தெரியுமா, மொத்தம் 1,04,312 துடிப்பு, அதுல தப்பின துடிப்பு 412. நானூத்திப் பன்னெண்டு! நான் எழுதினது வெறும் ஒன்பது. மிச்ச நானூத்துச் சொச்சம் வந்தப்போ நான் சோறு வடிச்சிருக்கேன், சீரியல் பாத்திருக்கேன், நல்லாத் தூங்கியிருக்கேன். அதை விட, நான் எழுதின ஒன்பதுல நாலு நேரத்துல ஒரு தப்பின துடிப்பு கூட இல்ல, வெறும் வேகம் மட்டும் தான், அதாவது பயம்.

டாக்டர் அடிபம்பை வெச்சு விளக்கினார். பம்பு அடிச்சுட்டே இருக்கீங்க, ஒரு அடி அவசரமா முன்னாலயே அடிச்சுட்டீங்க, தண்ணி ஏறவே இல்ல, அதனால கொஞ்சூண்டு தான் வரும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் ஒரு நிமிஷம் கையை நிறுத்தறீங்க, அதுக்குள்ள தண்ணி நல்லா ஏறிடும், அடுத்த அடில குபுக்குனு கொட்டும். அந்தக் குபுக் தான் உங்க தொம். "நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே, அது நிக்கலம்மா, ரொம்பிட்டு இருந்துச்சு"ன்னார். எக்டோபிக்னு பேராம், இதயம் நல்லா இருக்கிறவங்களுக்கும் 24 மணி நேரம் மாட்டிப் பாத்தா முக்கால்வாசிப் பேருக்கு கொஞ்சமாச்சும் வருமாம். மொத்தத் துடிப்புல நூத்துக்குப் பத்து, பதினஞ்சுன்னு போனா கவனிக்கணும், எனக்கு நூத்துக்கு அரை கூட இல்ல. ராத்திரில ஏன்னு கேட்டேன், பகல்ல மிக்சி ஓடுது பஸ் ஓடுது, ராத்திரில வேற சத்தமே இல்லையேன்னார்.

இரும்பு மாத்திரை, பீரியட்ஸுக்கு கைனகாலஜிஸ்ட் தனியா. இரும்பு மாத்திரை போட்ட கையோட காபி டீ குடிச்சா உடம்புல சரியா சேராதுன்னு அப்பதான் தெரியும், ரெண்டு வருஷம் முன்னால வாங்கின மாத்திரையை டிகாஷன் காபியோட தான் முழுங்கிட்டு இருந்தேன். காபியால தான் படபடப்புன்னு ஊரே சொல்லுதே, 2023ல வந்த ஒரு ஆராய்ச்சில 100 பேரை சில நாள் குடிக்கச் சொல்லி சில நாள் குடிக்காம இருக்கச் சொல்லிப் பாத்திருக்காங்க, மேல் அறைல வர்ற எக்டோபிக் கூடவே இல்ல, கீழ் அறைல வர்றது ஒன்றரை மடங்காச்சு, தூக்கமும் சராசரியா 36 நிமிஷம் குறைஞ்சுது. எனக்கு அந்தத் தூக்கம் தான் விஷயம். நாலு காபி ஒண்ணாச்சு. அந்த ஒண்ணை யாரும் கேக்கக் கூடாது.

இவ்ளோ தெரிஞ்சப்புறமும் பயம் போச்சான்னா போகல. மூளைக்குப் புரிஞ்சுது, வயித்துக்குப் புரியல. ஒரு ராத்திரி ஆட்டோவுக்குப் பதிலா 14416க்கு ஃபோன் போட்டேன், டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. "நான் ஒண்ணும் மெண்டல் இல்ல"ன்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. அந்தப் பொண்ணு இருபது நிமிஷம் பொறுமையா கேட்டுச்சு, மூச்சை இழுக்கறத விட விடறத நீட்டமா விடச் சொல்லி ஃபோன்லயே கூட சேர்ந்து செஞ்சுது, இது இப்படியே மேல மேல ஏறிக்கிட்டே போகாது, பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் தானா இறங்கும், வேணும்னா கடிகாரத்தைப் பாருங்கன்னுச்சு. பாத்தேன். இறங்குச்சு. அதுக்கப்புறம் ஒரு சைக்காலஜிஸ்ட் கிட்ட ஆறு தடவை போனேன், அங்க குடுத்த வேலை விசித்திரமா இருந்துச்சு: நின்ன இடத்துலயே ஒரு நிமிஷம் ஓடணும், நெஞ்சு தடதடன்னு அடிக்கணும், அடிக்கும்போது நாடி புடிக்காம, வாட்ச் பாக்காம சும்மா உக்காந்து அது தானா அடங்கறத பாக்கணும். கார்டியாலஜிஸ்ட் கிட்ட கேட்டுட்டு தான் செய்ய வெச்சாங்க. மொத நாள் அழுதுட்டேன். நாலாவது வாரம் ஓடிட்டே நாளைக்கு என்ன குழம்புன்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

வாட்ச்சுக்கும் சட்டம் போட்டாங்க. முகப்புல துடிப்பு நம்பர் தெரியக் கூடாது, எடுத்தாச்சு. ராத்திரி கையில கட்டக் கூடாது. புதுசா, வேற மாதிரி ஏதாச்சும் வந்தா மட்டும் ஒரே ஒரு ஈசிஜி, திருப்பி எடுக்கக் கூடாது. மொத பத்து நாள் பீரோக்குள்ள வெச்சுப் பூட்டி சாவியை பொண்ணு கிட்ட குடுத்திருந்தேன். அப்புறம் கட்டவே தோணல.

ஆகஸ்ட்ல அத்தை தான் கேட்டாங்க, "சும்மா தானே கிடக்கு, எத்தனை அடி நடக்கறேன்னு பாக்கறேன், குடு." 71 வயசு, சுகரும் பிரஷரும் உண்டு. ஒழுங்கில்லாத துடிப்புக்கு எச்சரிக்கைன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை பொண்ணு ஆன் பண்ணி விட்டிருக்கா. மூணாவது வாரம் அடிச்சுது. அத்தை "இது என்னமோ கத்துது பாரு"ன்னு கழட்டி டிவி மேல வெச்சுட்டாங்க, அவங்களுக்கு எந்தப் படபடப்பும் இல்ல, நெஞ்சுல ஒண்ணுமே தெரியல. ஈசிஜி எடுத்தா "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்". மறுநாள் ஆஸ்பத்திரில 12 கோண ஈசிஜிலயும் அதேதான். இது இருந்தா பக்கவாதம் வர்ற வாய்ப்பு அஞ்சு மடங்கு வரைக்கும் கூடுமாம், ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஆரம்பிச்சாங்க. நான் 611 தடவை தேடினது எனக்கு இல்ல, தேடாத அத்தைக்கு இருந்துச்சு.

அப்புறம் தான் தேடிப் படிச்சேன். ஆப்பிள் வாட்ச்சை வெச்சு அமெரிக்கால 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் கிட்ட ஒரு ஆராய்ச்சி பண்ணி 2019ல போட்டிருக்காங்க. அந்த எச்சரிக்கை 65 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்கள்ல நூத்துக்கு மூணு பேருக்கு வந்திருக்கு. நாப்பது வயசுக்குள்ள ஆயிரம் பேர்ல ரெண்டு பேருக்குக் கூட வரல. கடைல எங்களுக்கு இதையெல்லாம் யாரு சொன்னா, தண்ணில நனையுமா, எத்தனை கலர்ல வருதுன்னு தான் சொன்னாங்க.

அதனால மார்க் போடறதுன்னா, வாட்ச்சுக்கு என் கைல இருந்தப்போ 5க்கு 2, அத்தை கைல 5க்கு 5. வீட்டுல வயசானவங்களுக்கு, அதுவும் சுகர் பிரஷர் இருந்தா, வசதி இருந்தா வாங்குங்க. என்னைய மாதிரி நாடி புடிச்சுப் பாத்துட்டே இருக்கிறவங்க அந்தக் காசுல மொதல்ல ஒரு ஹீமோகுளோபின், தைராய்டு, ஒரு எக்கோ, ஒரு ஹோல்டர் பாத்துடுங்க, எனக்கு எல்லாம் சேத்து ஆறாயிரம் தாண்டல. ஹோல்டருக்கு நாலரை, அரை மார்க் அரிப்புக்கு. 14416க்கு 5.

இப்பவும் வாரத்துல ரெண்டு தடவை லொடக் வரும். வந்துட்டுப் போகும். அத்தை மாத்திரையை ஒழுங்கா போடறாங்க, ராத்திரி ஆனா தங்க வளையலுக்கு மேல ஏத்திக் கட்டின வாட்ச்சை எங்கிட்ட நீட்டி "இன்னிக்கு எத்தனை அடி பாரு"ங்கறாங்க, நாலாயிரத்துக்கு கீழன்னா நான் சொல்ற வரைக்கும் விடாம வராந்தால நடக்கறாங்க.